சீவாளிக்கு வாசகர் பார்த்த கதை

முன்னறையில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுப் பெரியவர் ராஜரத்தினம், அவர் மனைவி வேலுத்தாய், மகன் சூர்யபிரகாஷ், மருமகள் மகாலட்சுமி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆப்செட் பிரஸ் வைத்திருக்கும் ஜெபக்குமார். ஆறாவதாக யாரும் இல்லை. தாங்களும் கூட இருந்ததாகப் பிற்பாடு ராஜபாளையத்தில் சிலர் சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்த வீட்டில் எப்போது வந்தாலும் காபி உண்டு. ஆனால் அன்று அவர்கள் வரவில்லை.

சுவரில் சங்கையா படமாக இருந்தார். தோளில் சால்வை, கையில் நாதஸ்வரம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் சங்கையாவின் தேதியைக் கேட்டுக்கொண்டு முகூர்த்தம் குறித்த காலம் ஒன்று உண்டு. மகன் ராஜரத்தினத்துக்கு வாசிப்பு வரவில்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி வைத்து நன்றாக வந்துவிட்டார். ஆனாலும் இந்த வீட்டின் ஒவ்வொரு செங்கலும் அப்பாவின் மூச்சு என்றுதான் சொல்லுவார். காலையில் படத்துக்கு முன்னால் நின்று கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தவள் மகாலட்சுமி. மாதம் ஒரு இசைப் பத்திரிகை கொண்டுவர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. 'சீவாளி' என்று பெயர் வைத்ததும் அவள்தான். நாதஸ்வரத்தின் வாயில் செருகுகிற நாணல் துண்டுக்குச் சீவாளி என்று பெயர். அது இல்லாவிட்டால் அம்புட்டு நீள வாத்தியமும் வெறும் மரம். பெயரைக் கேட்டதும் ராஜரத்தினத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாவின் பழைய படங்களையும் அவர் கைப்பட எழுதிய ஸ்வரத் தாள்களையும் பெட்டியோடு எடுத்து மருமகளிடம் கொடுத்தார். அட்டையில் பெயருக்குக் கீழே 'நாதஸ்வர வித்வான் சங்கையா நினைவாக' என்று ஒரு வரி போட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

அன்று மகாலட்சுமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மாமா, இத யாரு வாசிப்பாங்க?"

சூர்யபிரகாஷ் முந்திக்கொண்டான். எல்லாரும் போனில் பாட்டைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள், பாட்டைப் பற்றி உட்கார்ந்து வாசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்றான். ராஜரத்தினம் அவனைப் பார்த்த பார்வையில் அவன் டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டான். இசை தெரிந்த பெரிய மனிதர்கள் வாசிப்பார்கள் என்றார் அவர். டாக்டர்கள், மில்காரர்கள், பேங்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மகாலட்சுமி தயங்கித் தயங்கி, வாசிக்கிற கலைஞர்களையும் கேட்டுப் பார்க்கலாம், தவில்காரர், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர்கள், பேண்டு செட்டு என்றாள்.

"ரோட்டுல நடந்துக்கிட்டே ஊதுறவங்க கைக்கு எங்கப்பா பேரு போகணுமா?" என்றார் ராஜரத்தினம். குரலை உயர்த்தவில்லை. "அப்படின்னா அந்த வரிய எடுத்துரும்மா. பெட்டியையும் குடுத்துரு."

பெட்டி போனால் பத்திரிகையில் பாதி போய்விடும் என்று மகாலட்சுமிக்குத் தெரியும். அவள் மாமனாரோடு மல்லுக்கு நிற்கவில்லை. மாதிரி இதழ் ஒன்று போடுவோம், ரெண்டு தரப்புக்கும் கொடுப்போம், யார் வாசிக்கிறார்களோ அவர்களுக்கே பத்திரிகை என்று முடித்தாள். வாசகர் பார்க்கிற வேலையைத் தானே செய்வதாக ராஜரத்தினம் சொன்னார். பெண் பார்க்கப் போவது போல வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் காரில் ஏறிப் போய், வீடு வீடாக விசாரித்தார். காலையில் என்ன கேட்பீர்கள், எம்புட்டு நேரம் கேட்பீர்கள், என்ன எழுதினால் வாசிப்பீர்கள். எல்லா வீட்டிலும் எழுந்து நின்று வரவேற்றார்கள். எல்லா வீட்டிலும் விடிந்ததும் நாதஸ்வரம்தான் ஓடுவதாகச் சொன்னார்கள். ஒரு வீட்டில் அவர் படியேறும்போது டிவியில் குத்துப்பாட்டு ஓடியது. அவர் உட்காருவதற்குள் அது அணைந்தது. அதையும் அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

மாதிரி இதழ் வந்தது. மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு வந்த ஜெபக்குமாரின் முகம் சரியில்லை. கட்டிங் மிஷின் பிளேடு சாணை பிடிக்கப் போயிருக்கிறது, அதனால் ஓரம் வெட்டவில்லை என்றான். பெரிய தாளை அச்சடித்து மடித்துப் பின் அடித்ததோடு சரி. வெளிப்பக்கங்கள் மட்டும் புரளும். உள்ளே இருக்கிற பக்கங்கள் மடிப்போடு ஒட்டியிருந்தன. பிளேடோ கத்தியோ வைத்துக் கீறினால்தான் வாசிக்க முடியும். சங்கையாவைப் பற்றி ராஜரத்தினமே எழுதிய கட்டுரை நட்ட நடுவில் அடைபட்டுக் கிடந்தது.

"இதுதான் உங்க பிரஸ்ஸு லட்சணமா?" என்று அவர் ஆரம்பித்தார்.

மகாலட்சுமி ஒரு பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்படியே கொடுப்போம் மாமா என்றாள். அச்சுப் பிழை, நல்ல பிரதி மாற்றித் தருகிறோம் என்று பத்து நாள் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றாள். எதற்கு என்று அவள் விளக்கவில்லை. பிரஸ்காரன் வேலையை வீணாக்க வேண்டாம் என்று நினைக்கிற நல்ல பிள்ளை என்று அவர் ஒத்துக்கொண்டார்.

திரும்ப வாங்கவும் அவரேதான் போனார். முதலில் போனது மில்காரர் ஒருவர் வீடு. அந்த மனிதர் வாசல் வரை வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவர் கல்யாணத்தில் சங்கையா வாசித்திருக்கிறார்.

"அப்பாவப் பத்தி எழுதியிருந்தீங்களே அண்ணாச்சி. வாசிக்கும்போதே கண்ணுல தண்ணி வந்துருச்சு."

ராஜரத்தினம் நெஞ்சு நிமிர்ந்து காரில் ஏறினார். வண்டி நகர்ந்த பிறகு அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று பிரதியைப் புரட்டினார். புரளவில்லை. மடிப்பு அப்படியே இருந்தது. ஓரத்தில் ஒரு நகக் கீறல் கூட இல்லை.

அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த டாக்டர் வீட்டில் பிரதியின் மேல் மிக்சர் தட்டு வைத்த எண்ணெய் வட்டம் இருந்தது, உள்ளே சுத்தம். எல்லாரும் கட்டுரையைப் பாராட்டினார்கள். ஒருவர் கடைசி வரி மனதை உலுக்கிவிட்டது என்றார். கடைசி வரி எது என்று ராஜரத்தினம் கேட்கவில்லை. கேட்டால் சொன்னவர் தலை குனிய வேண்டியிருக்கும். சங்கையாவின் மகன் யாரையும் அவரவர் வீட்டிலேயே வைத்துத் தலை குனிய வைக்கமாட்டார். காபியைக் குடித்துவிட்டு, ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த நன்றியில் பொய் இல்லை. அவர்கள் சொன்ன பொய்யும் அப்பா மேல் உள்ள மரியாதைக்காகச் சொன்னதுதானே என்று காரில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனால் வழியெல்லாம் அந்தப் பிரதிகளை மடியில் வைத்துக்கொள்ளாமல் பக்கத்து சீட்டில் கவிழ்த்து வைத்திருந்தார். அப்பாவை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

வீட்டில் மகாலட்சுமி பிரதிகளை வாங்கி, புரட்டிப் பார்க்காமல் அடுக்கி வைத்தாள். அவருக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் அவரே, ஜெபக்குமார் கையில் பேண்டு செட்டுக்குக் கொடுத்தனுப்பிய பிரதியும் வாங்கியாகணுமே என்றார்.

ஜெபக்குமார் அவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் கூட்டிப்போனான். கடை வாசலில் சிவப்பு யூனிபார்ம்கள் கொடியில் காய்ந்தன. கான்சாபுரத்தில் காதுகுத்துக்கு வாசித்துவிட்டு வந்திருந்தார்கள். செட்டின் தலைவர் முத்துவீரன், கிளாரினெட் வாசிப்பவர், ஐம்பது வயதுக்காரர். பெரியவரைப் பார்த்ததும் எழுந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ராஜரத்தினம் உட்காரவில்லை. பிரதியை மட்டும் கேட்டார்.

வந்தது. பக்கங்கள் எல்லாம் பிளேடால் நேர்கோடாகக் கீறப்பட்டிருந்தன. ஓரமெல்லாம் விரல் பட்டு மங்கியிருந்தது. நடுவில் பார்த்தார். அப்பாவின் பக்கங்களைக் காணவில்லை. வேரோடு வெட்டி எடுத்திருந்தார்கள்.

"எங்கப்பா பக்கம் எங்க?"

முத்துவீரன் கிளாரினெட் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். மூடியின் உள்பக்கத்தில், சால்வையோடு சங்கையா இருந்தார். அவருக்கு இரண்டு புறமும் கட்டுரை, பிளாஸ்டிக் தாளுக்குள் ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தது. சில வரிகளுக்கு அடியில் பேனாக் கோடு.

"பெட்டியத் திறக்கும்போதெல்லாம் அவியள கும்பிட்டுட்டு எடுக்கலாம்னு பண்ணிட்டேன்யா. தப்பா நெனச்சுக்கிடாதீங்க. ஒரு சந்தேகம் கேக்கணும்னே இருந்தேன்."

"கேளுங்க."

"சாமி புறப்பாட்டுல நாலு ரத வீதியும் நடந்துக்கிட்டே வாசிப்பாங்கன்னு எழுதியிருக்கீக. உதடு வெடிக்காம இருக்க வெண்ணெய் தடவுவாங்கன்னும் போட்டிருக்கீக. அது வாசிக்கதுக்கு முன்னாலயா, பொறவா? எங்க பயலுக மகாராஜபுரத்துல கல்யாணத்துக்கு முன்னாலயே தடவிட்டானுக. வழுக்கிக்கிட்டு, ஒருத்தனுக்கும் ஊத முடியல. மாப்பிள்ளை வீட்டுக்காரன் சிரிக்கான்."

உள்ளே யூனிபார்ம் மடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

நடந்துகொண்டே. அந்த வார்த்தையை எழுதியது ராஜரத்தினம்தான். எழுதும்போது அது கண்ணில் படவில்லை. முன்னறையில் ரோட்டில் நடந்து ஊதுகிறவர்களைச் சொன்னபோதும் நினைவில் வரவில்லை. இப்போது எதிரே நின்ற மனிதரின் கீழுதட்டில் அப்பாவுக்கு இருந்தது போலவே ஒரு வெடிப்பு இருந்தது. எத்தனை வருடமாக ஊர் முழுக்க அப்பாவைப் புகழ்ந்திருக்கிறது! அப்பாவைப் பற்றி ஒருவர் கேள்வி என்று கேட்டது இதுதான் முதல் தடவை. பதில் அவருக்குத் தெரியவும் இல்லை.

துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாது முத்துவீரன். வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்," என்றார். பிறகு, "நீங்க அப்பாவ வச்சிருக்கிற இடம் ரொம்ப நல்ல இடம்," என்று எழுந்து கைகூப்பினார். ராஜரத்தினம் தன்னைவிடச் சின்னவர் ஒருவருக்குக் கைகூப்பி ஜெபக்குமார் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டில் வேலுத்தாய் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"முன்னால தடவினா வழுக்காம என்ன செய்யும்? முடிச்ச பொறவுதான். வெந்நியில உதட்டக் கழுவிட்டு, படுக்கப் போறப்ப. நாந்தான மாமாவுக்கு எடுத்துக் குடுப்பேன். எழுதும்போது என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

கேட்கவில்லை என்று ராஜரத்தினம் ஒத்துக்கொண்டார். அன்றே கேட்டார். அவள் சொல்லச் சொல்ல மகாலட்சுமி எழுதினாள். முதல் இதழில் அதுதான் முதல் கட்டுரை. உதட்டையும் மூச்சையும் காப்பாற்றுவது எப்படி, நெடுநேரம் நடந்து வாசிக்கும்போது யார் எப்போது ஓய்வெடுப்பது. வேலுத்தாய் பெயரிலேயே வந்தது. சீவாளி வாசிக்கிறவர்களுக்கான பத்திரிகை என்று முடிவாயிற்று. நாதஸ்வரம், தவில், பேண்டு செட்டு, சர்ச் கீபோர்டு, புரட்டாசி சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படியில் உட்கார்ந்து பஜனை பாடுகிறவர்கள் வரைக்கும். அட்டையில் அப்பாவின் வரி அப்படியே இருக்கிறது. முதல் பிரதியை முத்துவீரன் கடைக்கு ராஜரத்தினமே கொண்டுபோனார். மாதிரி இதழ் வேலைக்காக ஜெபக்குமாருக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்தார். மருமகளிடம் வாய்விட்டு நன்றி சொல்லவில்லை. காலையில் படத்துக்கு முன்னால் நின்று அவள் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கும்பிடுகிறார். அவளுக்கு அது தெரியும்.

பெரிய வீடுகளை அவர் விட்டுவிடவில்லை. அப்பாவை மதித்தவர்களுக்கு மாதம் தவறாமல் மரியாதைப் பிரதி போகிறது. அவை மட்டும் ஓரம் வெட்டாமல் போகும். மடிப்பு ஒட்டியிருக்கிறதே என்று யாராவது போன் செய்தால், அவர்களுக்கு அடுத்த மாதத்திலிருந்து வெட்டிய பிரதி. இதுவரை ஒரு டாக்டர் போன் செய்திருக்கிறார். அவரை ராஜரத்தினம் நேரில் போய்ப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

ஜெபக்குமார் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் இன்னும் சரியாகவில்லை, அதனால்தான் சீவாளி இப்படி வருகிறது என்று ராஜபாளையத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையல்ல. பிளேடு சாணை பிடித்து அந்த வாரமே வந்துவிட்டது. மிஷின் நன்றாக ஓடுகிறது.