கயிற்றின் கடைசி ஆள்

ராஜபாளையத்து மில் ஒன்றில் நூல் சுற்றும் பரிபூரணத்துக்கு அந்த வருஷம் தீட்டு நின்றுபோனது. கூடவே உறக்கமும் போனது. வேலையில் நிற்கும்போதே நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று சூடு ஏறும். ரவிக்கை தெப்பமாய் நனையும். எதற்கெடுத்தாலும் கணவன் வேல்சாமி மேல் எரிந்துவிழுந்தாள். இனி நம் உடம்பு அவ்வளவுதான் என்று உள்ளுக்குள் முடிவுகட்டியிருந்தாள்.

பக்கத்து மெஷினில் நிற்கும் சம்சாத் பேகத்துக்கும் அதே பாடுதான். ஒரு லீவு நாளில் இருவரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தார்கள்.

"இது சீக்கு இல்லம்மா. இந்த வயசுல எல்லாப் பொம்பளைக்கும் வாரதுதான்," என்றார் அவர். "ஆனா எலும்புல சத்து குறையும். கேப்பை, எள்ளு, கீரை, பாலு எல்லாம் சேத்துக்கிடுங்க. காப்பியைக் குறைங்க. நல்லா நடங்க."

"நாள் பூரா மில்லுல நிக்கத்தானே செய்யுதோம்?"

"நிக்கிறது வேற, நடக்கிறது வேற."

மறுநாளே தொடங்கிவிட்டார்கள். விடியலில் சஞ்சீவி மலையடிவாரம் வரைக்கும் வீச்சும் விறுவிறுப்புமாக நடை. பரிபூரணத்துக்குக் காப்பியை விடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. தலைவலியோடு மோர் குடித்தாள். மீந்ததைத் தின்று பசியாறுகிறவள், இப்போது தனக்கென்று முருங்கைக்கீரை வதக்கினாள். வேல்சாமி கேலி செய்தான். "எனக்கும் கொஞ்சம் வையி," என்று பிறகு அவனே தட்டை நீட்டினான். சில மாதங்களில் முழுசாய் உறங்க முடிந்தது. சூடு மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்த்தது.

மில் ஆண்டுவிழாவில் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி அறிவித்தார்கள். இளவட்டப் பெண்கள் உடனே அணி சேர்ந்தார்கள். "அத்தை, நீங்க கைதட்ட வாங்க, போதும்," என்றாள் அவர்களில் ஒருத்தி, கருத்தம்மா.

சம்சாத் நேரே போய், தங்கள் வயதுப் பெண்களையும் சேர்த்துப் பெரியவர்கள் அணி என்று பெயர் கொடுத்துவிட்டாள்.

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றாள் பரிபூரணம். சொன்னாளே தவிர, உள்ளங்கை அப்போதே குறுகுறுத்தது.

விழாவன்று மைதானம் கொள்ளாத கூட்டம். பரிபூரணம் கடைசி ஆளாக நின்று இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டாள். முதல் இழுப்பில் சின்னவர்கள் சட்டென்று ஜெயித்தார்கள். அடுத்ததில் பெரியவர்கள் அசையவில்லை. எதிரணி களைத்த நேரம் பார்த்து இழுத்துவிட்டார்கள். கூட்டம் விசிலடித்தது.

மூன்றாவது இழுப்பின் நடுவில்தான் அது வந்தது. குப்பென்று சூடு முகத்துக்கு ஏறியது. வேர்வை கண்ணை மறைத்தது. கை வழுக்கியது. கயிறு முன்னால் நழுவியது.

"ஏட்டி, விட்டுராத. மூச்சை இழுத்து விடு," முன்னாலிருந்து சம்சாத்தின் குரல்.

பரிபூரணம் குதிகாலை மண்ணுக்குள் புதைத்தாள். மூச்சை ஆழமாய் இழுத்து மெல்ல விட்டாள். தினமும் நடந்த கால்கள் நடுங்காமல் நின்றன. வந்த சூடு வந்தபடியே தணிய, உடம்பெல்லாம் குளிர்ந்தது. "இப்ப இழுங்கட்டி," என்று கத்தினாள். மொத்த அணியும் பின்னால் சாய, கோட்டைத் தாண்டிக் கருத்தம்மா குப்புற வந்து விழுந்தாள். ஜெயித்தவர்கள் ஒருத்திமேல் ஒருத்தியாய் மல்லாந்து கிடந்து சிரித்தார்கள்.

மண்ணைத் தட்டியபடி கருத்தம்மா வந்தாள். "அத்தை, அம்புட்டு பலம் எங்கிட்டுருந்து வந்துச்சு?"

"காலையில மலையடிவாரத்துக்கு வா, சொல்லுதேன்," என்றாள் பரிபூரணம்.

ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குவாளி பரிசு. விழா பார்க்க வந்திருந்த வேல்சாமி பஸ்ஸில் ஏறச் சொன்னான். அவனை முன்னால் அனுப்பிவிட்டு, தோழிகள் இருவரும் கடைவீதியைச் சுற்றிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்கள். எதிரில் வந்தவர்களெல்லாம் வாளியைப் பற்றி விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று முதலிலிருந்து சொன்னார்கள்.