பூஜைக்குப் பின் பேசாத மிஷின்

ஆயுத பூஜை லீவு முடிந்து, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் பாலக்கரை ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வந்து உட்கார்ந்ததுமே ஏதோ கோளாறு என்று செல்லக்கிளிக்குத் தெரிந்துவிட்டது. ரத்தம் பார்க்கும் மிஷின் தன் பாட்டுக்கு ஓடியது. அதன் சின்னக் கண்ணாடியில் அளவுகளும் தெரிந்தன. கேபிள் வழியாக அவை வந்து சேரவேண்டிய கம்ப்யூட்டர் திரைதான் வெறிச்சென்று கிடந்தது.

கம்ப்யூட்டருக்காகத்தான் அவளை வேலைக்கு வைத்தார்கள். அது போனால் அவளும் போகவேண்டியதுதான்.

முதலாளி நிஜாமுதீன் எதையும் மனசில் மறைத்து வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை. "மத்தியானம் வரைக்கும் பாரும்மா. வரலேன்னா கம்ப்யூட்டர் வித்த மெட்ராஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, பெட்டியைத் திருப்பி எடுத்துக்கங்கன்னு சொல்லிடுவேன். முன்ன மாதிரி கையாலயே எழுதிக்கலாம்."

"சரிங்க சார்." செல்லக்கிளி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

மிஷின் எண்களை அனுப்பும் வேகமும் கம்ப்யூட்டர் வாங்கும் வேகமும் ஒன்றாகவே இருந்தன. அணைத்துப் போட்டாள், பலனில்லை. மிஷினிலிருந்து கேபிளை உருவி, அதன் முனையிலிருந்த அனுப்பும் ஊசியையும் வாங்கும் ஊசியையும் தன் கொண்டை ஊசியால் சேர்த்துப் பிடித்தாள். மறு கையால் கம்ப்யூட்டரில் ஓர் எழுத்தைத் தட்டினாள். போன எழுத்து சுற்றிக்கொண்டு திரும்பி வந்து திரையில் நின்றது! அப்படியானால் கம்ப்யூட்டரும் நல்லது, கேபிளும் நல்லது.

மிஷினின் முதுகைத் திருப்பினாள். கேபிள் செருகும் துளைகளில் மஞ்சளாக ஏதோ அடைத்துக் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம்.

"சின்னையண்ணே!"

அட்டெண்டர் சின்னையன் துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

"இங்க யாருண்ணே சந்தனம் வச்சது?"

"நாந்தாம்மா. எல்லா மிஷினுக்கும் வச்சுட்டு இதை மட்டும் விட்டா கோவிச்சுக்காதா?"

"அதுக்கு ஓட்டைக்குள்ளயா?"

"முன்னாடி வச்சா கண்ணாடி கறையாயிடும், பின்னாடி வைங்கன்னு நீதானே சொன்ன? வயரைக் கழட்டினேன், பொட்டு வைக்க அளவா இடம் இருந்துச்சு. வச்சுட்டு வயரை மறுபடி செருகிட்டேன்."

சொன்னது அவளேதான். மிஷினை அணைத்து, ஊசியாலும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சாலும் துளை துளையாகச் சுரண்டி எடுத்தாள். "கலைச்சா தோஷமில்லையே?" என்று சின்னையன் பக்கத்திலேயே நின்று முனகினார்.

காய்ந்ததும் கேபிளைச் செருகி மிஷினைப் போட்டாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு எண்கள் வரிவரியாகத் திரையில் இறங்கத் தொடங்கின.

எட்டிப் பார்த்த நிஜாமுதீன் விஷயத்தைக் கேட்டதும் சின்னையன் பக்கம் திரும்பினார். "யோவ், அடுத்த வருஷம் மாலையோட நிறுத்திக்க!" அவளிடம், "மெட்ராஸுக்கு இனிமே எதுக்குப் போன்? வெளிய ஆளுங்க காத்திருக்காங்க, ரிப்போர்ட்டை அடிச்சுக் குடும்மா" என்றார்.

செல்லக்கிளி நீளமாக மூச்சு விட்டாள். முதல் பெயரையே தப்பாக அடித்துவிட்டு, யாரும் பார்க்காதபடி சிரித்துக்கொண்டே திருத்தினாள்.