சவரப் பெட்டிக்கு ஒரு பூட்டு

காலை ஏழு மணி. லிஃப்ட் மெக்கானிக் தலையைத் துவட்டியபடி குளியலறையிலிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு தகர டப்பா. அதில் தொங்கிய குட்டிப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். ஒரு மாதமாகத் தினமும் இதே கூத்து. அவர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, அதுல அப்படி என்ன வைரமா வெச்சிருக்கீங்க?"

"சவர சாமான்மா."

"சவர சாமானுக்குப் பூட்டா? படுக்கையும் ஹாலுக்குப் போயாச்சு. பக்கத்துல உக்காந்து சாப்பிடறதுகூட இல்ல. உண்மையைச் சொல்லுங்க, யாரு அவ?"

பாதி வழியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைக்கூடச் சிரிக்க வைக்கிற மனுஷன் அவர். அன்று அவர் முகத்திலேயே சிரிப்பில்லை. டப்பாவை எடுத்துப் பூட்டைத் திறந்து நீட்டினார். ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி. அடியில், நாலாக மடித்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது மனைவிக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். ஒருநாள் தவறாமல் மாத்திரை போட்டு நன்றாகவே இருந்தார். சீட்டில் இருந்தது புதுசு: ஹெபடைடிஸ் சி. ஈரலைத் தின்னும் கிருமி. மருத்துவமனையில் அடுத்த வாரமே வரச் சொல்லியிருந்தார்கள். அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

"ஏற்கெனவே ஒண்ணோட உன்னைப் படுத்தறேன். ரெண்டாவதையும் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்ல? அதுவுமில்லாம, எச்.ஐ.வி. இருக்கறவனுக்கு இதுக்கு மருந்து கேக்காதாம். என் பழைய சிநேகிதன் ஒருத்தன் ஒரு வருஷம் ஊசி போட்டு எலும்பும் தோலுமானான். கடைசியில பலனில்ல."

அவள் அவரையே பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

"அடப்பாவி மனுஷா! இல்லாத ஒருத்திக்கு ஒரு மாசமா சாபம் விட்டுட்டிருக்கேனே! சட்டையைப் போடுங்க, கிளம்புவோம்."

மருத்துவமனையில் டாக்டரம்மா சீட்டைப் பிரித்துப் படித்தார்.

"ஊசிக் காலமெல்லாம் எப்பவோ மலையேறிடுச்சுங்க. இப்ப தினம் ஒரு மாத்திரை, பன்னிரண்டு வாரம். எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாட்டியும் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல குணமாயிடுது. ஆனா கவனிக்காம விட்டா, உங்களுக்கு மத்தவங்களைவிட சீக்கிரம் ஈரல் கெடும். வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

"பொய் டாக்டர்! நெஞ்செரிச்சலுக்குன்னு கடையில வாங்கி தினம் ஒண்ணு முழுங்கறார்," என்று போட்டுக் கொடுத்தாள் மனைவி.

"நல்லவேளை சொன்னீங்க. அது புது மருந்தை வேலை செய்ய விடாது. நிறுத்திடுங்க." எச்.ஐ.வி. மாத்திரைகளில் ஒன்று புது மருந்தோடு ஒத்துப்போகாது என்று அதை மட்டும் மாற்றி எழுதினார். "புது மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது. இந்தக் கிருமி ரத்தம் வழியாப் பரவறதால ரேசர், பிரஷ்ஷைத் தனியா வெச்சுக்கிட்டது சரிதான். ஆனா சேர்ந்து சாப்பிடறதால, கட்டிப் பிடிக்கறதால எல்லாம் இது ஒட்டாது."

"கேட்டீங்களா? இன்னைக்கே ஹால் காலி!" என்றாள் மனைவி. டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். மனைவியின் ரத்தத்தையும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு வாரமும் காலை பத்து மணிக்கு டாண் என்று மனைவியிடமிருந்து மெக்கானிக்குக்குப் போன் வரும். லிஃப்ட் கூண்டின் மேல் நின்றுகொண்டு, "போட்டாச்சு, போட்டாச்சு!" என்று அவர் கத்துவது ஆறு மாடிக்கும் எதிரொலிக்கும். முதல் வாரம் கொஞ்சம் தலைவலி, கொஞ்சம் அசதி. அவ்வளவுதான். வேலைக்கு ஒருநாள் லீவு போடவில்லை.

மருந்து முடிந்து மறுபடி பன்னிரண்டு வாரம் காத்திருந்து கடைசிப் பரிசோதனை செய்தார்கள்.

"கிருமி இல்லை. குணமாயிடுச்சு," என்றார் டாக்டரம்மா. "எச்.ஐ.வி. மாத்திரையை விடாதீங்க. ஹெபடைடிஸ் மறுபடியும் தொத்தலாம், ஜாக்கிரதையா இருக்கணும்." அதற்கு மேல் அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. மனைவி அங்கேயே அவரைக் கட்டிக்கொண்டு விட்டாள். டாக்டரம்மா குனிந்து எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்தார்.

வெளியே பெஞ்சில் ஒரு பெண், கசங்கிய சீட்டைக் கைக்குள் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள். இவர்களின் சிரிப்பைப் பார்த்து, "அண்ணே, எனக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் ரெண்டும் இருக்காம். உள்ள போகவே பயமா இருக்கு," என்றாள் மெல்ல.

மெக்கானிக் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பயந்து ஒரு மாசத்தை வீணாக்குனவன் சொல்றேன், கேளும்மா. எச்.ஐ.வி. இருக்குங்கறதுக்காக இன்னொரு நோய்க்கு வைத்தியம் பாத்துக்கற உரிமை நம்மை விட்டுப் போயிடாது. சந்தேகமா, ரத்தத்தைப் பாக்கணும். இருக்கா, மாத்திரையை ஆரம்பிக்கணும். வெக்கப்பட்டு ஒளிச்சு வெச்சா லாபம் கிருமிக்குத்தான், நமக்கில்ல."

அந்தப் பெண் எழுந்தாள். சீட்டை உள்ளங்கையில் வைத்து நீவி நேராக்கிக்கொண்டு, டாக்டரம்மாவின் கதவைத் தட்டினாள்.