திரட்டிக்குக் கதவடைத்த வாரம்

"நம்ம செய்தி அங்கே இல்லைன்னா, ஜனங்க நம்மகிட்ட வந்துதானே ஆகணும்?" என்று அவள் கேட்டபோது, முதலாளி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். பதில் தெரியாதபோதெல்லாம் அவர் கண்ணாடி சுத்தமாகிவிடும்.

அவள்தான் அந்தச் செய்தித் தளத்தின் ஆசிரியர். மாடியில் மூன்று அறைகள், சொட்டிக்கொண்டே இருக்கும் ஏசி, வரிசையாக நாற்காலிகள். நாற்காலிகளில் பாதிக்கு இப்போது ஆள் இல்லை. எல்லாத் தளங்களின் செய்திகளையும் வாரி ஒரே இடத்தில் கொட்டும் திரட்டி ஒன்று ஊரில் எல்லோர் போனிலும் குடியேறியிருந்தது. தலைப்பு, ஒரு படம், மூன்று வரி. முழுசாகப் படிக்க வேண்டுமென்றால் அதைத் தொட்டு இவர்கள் தளத்துக்குள் வர வேண்டும். யார் வருகிறார்கள்? மூன்று வரியிலேயே பசி அடங்கிவிடுகிறது.

"வர்ற கொஞ்ச நஞ்ச பேரும் அந்த வழியாத்தான் வர்றாங்க மேடம்," என்றாள் மீட்டர். நாள் முழுக்க வருகைக் கணக்கைத் திரையில் பார்ப்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். "அதையும் அடைச்சா, பட்டு வேட்டிக்கு ஆசைப்பட்டு இருக்கிற கோவணமும் போன கதையாயிடும்."

முதலாளி இருமினார்.

"பாலம் செய்தி தயாராயிடுச்சு. அது நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு. இப்ப அடைக்காம எப்ப அடைக்கிறது?" என்று ஆசிரியர் விடவில்லை.

"ஒரு வாரம் பார்ப்போம்," என்றார் முதலாளி கடைசியில். "ஆள் வந்தா நீ சொல்ற மாதிரி தளம் நடக்கட்டும். பைக் வழக்கம்போல வெளியே சுத்தட்டும். வரலைன்னா நான் சொல்ற மாதிரி நடக்கணும். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

பைக் என்பது அவர்களிடம் மிச்சமிருந்த ஒரே நிருபர். அவனும் ஆசிரியரும் மழைக்கு முன்பே பாலம் செய்தி வேலையைத் தொடங்கியிருந்தார்கள். ஆற்றுப் பாலத்துக்கு அடியில், முழங்கால் சேற்றில் நின்று, தூண் பிளந்து துருக்கம்பி வெளியே தெரிவதைப் படமெடுத்தார்கள். தலைக்கு மேலே பள்ளி வேன்கள் தடதடவென்று போய்க்கொண்டிருந்தன.

ஒவ்வொரு தடவையும் அவள் சேற்றோடு வீடு திரும்பியபோது அவளுடைய காலணிகளைக் கழுவிக் காயவைத்தவர் அவள் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. "ஊர்ல எல்லாரையும் மேலே ஏத்தி விடறேன், என் பெண்டாட்டி பாலத்துக்கு அடியில நிக்கிறா," என்று அலுத்துக்கொள்வார். ஆனால் பிரஷ்ஷைக் கீழே வைக்க மாட்டார்.

கதவடைக்கும் செய்தியைக் கேட்ட நாத்தனார் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. உங்க தளத்தைத் திறந்தா முதல்ல விளம்பரம் வந்து குதிக்குது. அதை மூடறதுக்குள்ள நான் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துடுது."

"அந்த விளம்பரம்தான்டி உன் அண்ணிக்குச் சம்பளம்," என்றார் மாமியார்.

திங்கட்கிழமை காலையில் திரட்டிக்குக் கதவை அடைத்துவிட்டு, பாலம் செய்தியை வெளியிட்டார்கள். மீட்டரின் திரையில் எண் மெல்ல ஏறியது. ஆசிரியர் பக்கத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் எண் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது.

"மேடம், இதைப் பாருங்க," என்று மீட்டர் தன் போனை நீட்டினாள்.

வேறொரு பெரிய தளம் அவர்கள் செய்தியை அப்படியே உருவி, வார்த்தைகளை மட்டும் இடம் மாற்றிப் போட்டிருந்தது. திரட்டி அதைத் தலைமேல் தூக்கி வைத்திருந்தது. தலைப்பு, படம், மூன்று வரி.

"படம்கூட நான் எடுத்தது," என்றான் பைக். "என் கட்டை விரல் நிழல் அந்த ஓரத்துல தெரியுது பாருங்க."

அன்று மாலை கணவர் படியேறும்போதே உற்சாகமாகக் குரல் கொடுத்தார்.

"ஊரெல்லாம் உன் பாலம்தான்! லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட ஒரு அம்மாவை வெளியே எடுக்கிறேன், பயத்துல வேர்த்துக் கொட்டுது, அப்பவும் பாலத்தைப் பத்தித்தான் பேசறாங்க. வேனை எல்லாம் வேற வழியா திருப்பி விட்டுட்டாங்களாம். நானும் உடனே படிச்சேன்."

"எங்கே படிச்சீங்க?"

அவர் போனை எடுத்துக் காட்டினார். காட்டிய பிறகுதான் தானும் பார்த்தார். மூன்று வரிக்குக் கீழே, பொடி எழுத்தில், அந்தப் பெரிய தளத்தின் பெயர்.

"கீழே யார் பேரு இருக்குன்னு பார்க்கலையே நான்..."

"யாரும் பார்க்கிறதில்லைங்க."

"வேன் நின்னுச்சேம்மா. நல்லது நடந்துச்சே," என்றார் மாமியார் மெதுவாக.

"நடந்துச்சு அத்தை." அது அவளுக்கும் தெரிந்தது. அதனால்தான் அழவும் முடியவில்லை.

கணவர் நின்ற இடத்திலேயே அந்தத் திரட்டியைப் போனிலிருந்து அழித்தார். "நானும் அழிச்சிடறேன் அண்ணி," என்றாள் நாத்தனார். அழித்தாளா என்று யாரும் கேட்கவில்லை.

வார முடிவில் மீட்டர் கணக்கு சொன்னாள். "முந்தின வாரத்துல பாதிகூட வரலை. ஆனா வந்தவங்க கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்காங்க மேடம்."

"கடைசி வரிக்கு யாரும் விளம்பரம் தர்றதில்லையேம்மா," என்றார் முதலாளி. அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கதவு மறுபடி திறந்தது. இனி யாரும் வெளியே அலைய வேண்டியதில்லை. மற்றவர்கள் போட்டதை எடுத்து, மாற்றி எழுதி, சீக்கிரமாகப் போட வேண்டும். எத்தனை முடியுமோ அத்தனை. "உட்கார்ந்து பழக்கமில்லை மேடம்," என்று சொல்லிவிட்டு பைக் கிளம்பிப் போனான்.

மாற்றி எழுத அவளுக்கு வந்த முதல் செய்தி, எங்கோ ஒரு சின்னத் தளத்தினுடையது. அரசு மருத்துவமனையில் பிராணவாயு தீர்ந்துபோன ஒரு வார்டைப் பற்றியது. அவள் அதைக் கடைசி வரை படித்தாள். ஒரு தகப்பன் வெறும் உருளையைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று ஒரு வரி இருந்தது. பக்கத்தில் நின்றவருக்குத்தான் அந்த வரி கிடைக்கும். மாற்றி எழுதும்போது அதற்கு இடமில்லை. விட்டுவிட்டாள். முடிவில் அந்தச் சின்னத் தளத்தின் பெயரையும் இணைப்பையும் சேர்த்தாள்.

முதலாளி பின்னால் வந்து நின்றிருந்தார். "வெளியே போற வழியை நாமளே காட்டணுமா?"

பாதி மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வேறு எங்கே போய் நிற்பது என்று அவள் யோசித்தாள். பிறகு அந்தப் பெயரையும் இணைப்பையும் அழித்தாள். மாலைக்குள் எண் ஏறியது. மீட்டர் அதைச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வீட்டில் கணவர் போனும் கையுமாகக் காத்திருந்தார். கொஞ்ச நாளாக அவரே தளத்தின் முகவரியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, விளம்பரங்களைப் பொறுமையாக மூடி, உள்ளே போய்ப் படிக்கிறார்.

"இன்னைக்கு நிறைய இருக்கே! எது உன்னோடது? அதைத்தான் முதல்ல படிக்கணும்னு வச்சிருக்கேன்."

"எதுவும் இல்லைங்க."

"சும்மா சொல்லாதே."

அவள் பையைக் கழற்றி மாட்டிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோளில் சாய்ந்துகொண்டாள். அவர் விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனார், இன்னும் கீழே எங்காவது இருக்கும் என்பதுபோல.