இருட்டாக வந்த படங்கள்

மாப்பிள்ளை படமெடுக்க வந்ததிலிருந்துதான் எல்லாம் கெட்டது என்று தங்கை நம்பினாள்.

அவன் யாருக்கும் மாப்பிள்ளை இல்லை. முதல் நாள் மடிப்புக் கலையாத சட்டையும் சென்ட்டுமாக ஆய்வுக்கூடத்துக்கு வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அதுவரை நுண்ணோக்கி அறையில் படமெடுத்தவள் தங்கையின் சொந்த அக்கா. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அவள் வீட்டில் படுத்துவிட, அந்த நாற்காலிக்கு இவன் வந்தான்.

தங்கைக்கு நரம்போடு வேலை. வெட்டுப்பட்ட எலி நரம்பு மறுபடி வளரும்போது, அதைப் போர்த்திக் காக்கும் ஷ்வான் செல்களின் மேல் இருக்கும் சர்க்கரை மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு லெக்டின் என்ற புரதம் வேண்டும். விதையிலிருந்து எடுப்பது, தனக்குரிய சர்க்கரையைக் கண்டால் உடும்பாகப் பிடித்துக்கொள்ளும். அதோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்துவிட்டால் பிடித்த இடமெல்லாம் பச்சையாக மின்னும். ஆனால் அதே சர்க்கரையை லெக்டினுக்கு முன்கூட்டியே வயிறு முட்டக் கொடுத்துவிட்டால், அது நரம்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த ஸ்லைடு இருட்டாக வரவேண்டும். அதற்குத்தான் கண்ட்ரோல் என்று பெயர். அதுவே பச்சையாக வந்தால் மற்ற ஸ்லைடுகளின் பச்சையையும் நம்ப முடியாது.

முதல் தடவையைத் தவிர, அக்கா எடுத்த படங்களில் கண்ட்ரோல் மை இருட்டாக இருந்தது. மாப்பிள்ளை எடுத்ததில் பச்சை.

முதலில் தன் கைமேல்தான் சந்தேகப்பட்டாள். கரைசலைப் புதிதாகக் கலக்கினாள். அப்போதும் பச்சை. பிறகு அவன்மேல் கண் விழுந்தது. ஒருநாள் அவளுடைய ஸ்லைடு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு குளிர்பெட்டி முன்னால் நின்றான். "லேபிள் உரிஞ்சிருந்துச்சு, ஒட்டிட்டிருந்தேன்" என்றான். இன்னொரு நாள் அவள் உள்ளே நுழைந்ததும் திரையை மாற்றினான். அன்றிலிருந்து எல்லாவற்றையும் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

"என் ஸ்லைடுல அவன் என்னவோ பண்றான் மேடம்" என்று ஆய்வுக்கூடத் தலைவியிடம் சொன்னாள்.

"கண்ணால பாத்தியா?"

"பாத்துடுவேன்."

லெக்டினும் சாயமும் படாத வெறும் நரம்புத் துண்டு ஒன்றை ஸ்லைடில் வைத்து, கண்ட்ரோல் என்று எழுதி அவனிடம் கொடுத்தாள். மதியம் படம் வந்தது. பச்சை! பிரிண்ட்டைத் தூக்கிக்கொண்டு நுண்ணோக்கி அறைக்கு ஓடினாள்.

"வசமா மாட்டிக்கிட்டீங்க. இதுல நான் சாயமே போடல. பச்சை எங்கேருந்து வந்துச்சு?"

அவன் முகம் சிவந்தது. எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். "நீங்களே உக்காந்து பாருங்க."

பூட்டி வைத்திருந்த வேறொரு வெறும் ஸ்லைடை எடுத்துவந்து தானே பொருத்திப் பார்த்தாள். அதிலும் மங்கலான பச்சை. பதப்படுத்திய திசு தானாகவே கொஞ்சம் ஒளிரும் என்று அவளும் படித்தவள்தான். ஆனால் முதல் தடவைக்குப் பிறகு அக்காவின் படங்களில் அந்த ஒளி இருந்ததே இல்லை.

"லைட்டு எவ்வளவு வெச்சு எடுக்கறீங்க?"

"எல்லா ஸ்லைடுக்கும் ஒரே அளவுதான். மாத்தினா எப்படி ஒப்பிடறது?"

அவள் வெளிச்சத்தை மெல்லக் குறைத்தாள். பச்சை வடிந்து வடிந்து அணைந்தது. கடைசியில் திரையில் இருந்தது அக்கா எடுத்த படம். 'ஸ்லைடைக் குடுத்துட்டு நீ போடி, உனக்குக் கண்ணு வலிக்கும்' என்று அக்கா எத்தனை முறை அவளை வாசலோடு அனுப்பியிருப்பாள்!

மாலையில் வீட்டுக்குப் போனபோது அக்கா காலைத் தலையணைமேல் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை அதை அணைத்தாள்.

"கண்ட்ரோலுக்கு மட்டும் லைட்டக் கொறச்சியா?"

அக்கா ரிமோட்டை எடுத்தாள்.

"அக்கா!"

"முதல் தடவை பச்சையா வந்தப்ப நீ சாப்பிடாமக் கெடந்தே. பாக்க மனசு வரல. அடுத்த தடவை கொஞ்சம் கொறச்சேன்."

"கொஞ்சமா?"

"அப்புறம் அதுவே பழகிடுச்சு. உனக்காகத்தான்டி."

மறுநாள் மாப்பிள்ளையின் எதிரிலேயே தங்கை தலைவியிடம் நடந்ததைச் சொன்னாள், அக்காவின் பெயரையும் மறைக்கவில்லை. பத்திரிகைக்குப் போயிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். எல்லா ஸ்லைடுகளையும் ஒரே வெளிச்சத்தில் மாப்பிள்ளையே மறுபடி எடுத்துக் கொடுத்தான். கண்டுபிடிப்பில் பெரும்பகுதி கரைந்து போயிற்று. வெட்டுக்கு மிக அருகில் இருந்த ஷ்வான் செல்களில் மட்டும் லெக்டின் நிஜமாகவே கூடுதலாக ஒட்டியிருந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் நிற்கும். அக்காவைக் கண்ணாடிச் சாமான் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

வீட்டில் பல நாள் பேச்சே இல்லை. ஒரு மாலை சாப்பிடும்போது தங்கைதான் ஆரம்பித்தாள்.

"காலேஜ்ல என்னைக் கட்டிக்கறேன்னு சொன்னாரே, அவர் வெளியூர் போறதுக்கு முன்னாடி என்னைத் தேடி வரவே இல்லன்னு சொன்னியே. நெசமாவே வரலையா?"

"எவர்?"

"எவர்னு உனக்குத் தெரியும்."

"அதெல்லாம் இப்ப எதுக்குடி?"

"வந்தாரா, வரலையா?"

தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி அக்கா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மேசைமேல் கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது.