துணி விரித்த தரை

டவலை நாலாக மடித்து அம்மாவின் வாயோரம் பிடித்தாள் மகள். இருமல் வருவதற்கு முன்னால் அம்மாவின் தோள் லேசாகத் தூக்கிக்கொள்ளும். அதுதான் அடையாளம். அதற்குள் டவல் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்தது. துணிக்குள் புதைந்த இருமல், யாரோ தலையணையைத் தட்டிப் போடுவதுபோலத்தான் வெளியே கேட்டது.

அம்மா கண்ணாலேயே தரையைக் காட்டினாள். கேட்டிருக்குமா என்று அர்த்தம்.

"இல்லம்மா. அவர் இன்னும் எந்திரிச்சிருக்க மாட்டார்."

அந்தத் தரைக்குக் கீழேதான் வீட்டுக்காரர் இருந்தார். வயசெல்லாம் நூல் மில் இரைச்சலில் நின்று ஓய்ந்த மனுஷர். "இனி சாகிற வரைக்கும் என் காதுக்கு நிம்மதி வேணும்" என்று சொல்லித்தான் மாடி அறையை வாடகைக்கு விட்டிருந்தார். மேலே எதையாவது டம்மென்று போட்டுவிட்டால், கீழிருந்து ஒட்டடைக் கம்பால் இடிப்பார். இடித்த மறுநாள் ஆபீஸ் அக்காவுக்குப் போன் போகும்.

ஆபீஸ் அக்கா என்று இவர்கள் கூப்பிட்டது, வீடில்லாமல் போகிற குடும்பங்களுக்கு வீடு பிடித்துத் தருகிற ஒரு சின்ன ஆபீசில் வேலை செய்பவளை. பிடித்துக் கொடுத்ததோடு கை கழுவுகிறவள் இல்லை. "வீடு கிடைக்கிறது பாதிதான் பாப்பா. அதுல நிலைச்சு இருக்கறதுதான் மீதி" என்பாள். அம்மா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அக்காவுக்கும் மகள் பாப்பாவாகிவிட்டாள். முப்பது தாண்டிய பாப்பா. ஹோட்டல் துணிகளை வெளுக்கிற இடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை. புருஷன் வேலை தேடிப் போகிறேன் என்று போனவன், போனவன்தான்.

முன்பிருந்த கட்டடத்தை இடித்தபோது போக்கிடம் இல்லாமல், அம்மா, மகள், பேத்தி மூவரும் பஸ் நிலையத்துக் கூடத்தில் கிடந்தார்கள். கிடந்தார்கள் என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். உட்கார்ந்திருந்தார்கள். தலைவாரி, பையை மடியில் வைத்து, ஊருக்குப் போகிறவள் மாதிரி அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். காவலாளி கேட்டால், "அடுத்த பஸ்சுக்குத்தான் தம்பி." எல்லாப் பஸ்சையும் விட்டுவிட்டு இப்படி உட்கார்ந்திருக்கிற அம்மாளை ஒருநாள் ஆபீஸ் அக்காதான் கவனித்தாள்.

இந்த அறையும் அம்மா முகத்துக்குக் கிடைத்ததுதான். புருஷனில்லாத பெண்ணும் குழந்தையும் என்றதும் தயங்கி இழுத்த வீட்டுக்காரர், அம்மாவைப் பார்த்ததும், "பெரியவங்க கூட இருக்காங்க இல்ல, சரி" என்றார்.

"மேல ஆள் இருக்கறதே உங்களுக்குத் தெரியாது" என்று வாக்குக் கொடுத்தாள் அம்மா. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாளே, அதைத்தான் சொல்ல வேண்டும். படிக்கட்டுக் கீழேயே செருப்பு கழன்றுவிடும். நாற்காலிக் காலுக்குக் கிழிந்த சாக்ஸ். சாப்பிடும்போது தரையில் பழைய போர்வையை விரித்து, அதன்மேல்தான் தட்டு. கழுவிய தட்டுகளுக்கு நடுவே ஒவ்வொரு துணி. பேத்திக்கு வாலு என்று பேர். அந்தப் பேருக்கேற்ற குணத்தை அவள் இந்த வீட்டு வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டாள். ஆறு வயசில் நுனிக்காலில் நடக்கிற குழந்தையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

"பூனை இருந்தா நம்மகிட்ட வந்து பாடம் படிக்கணும்டி" என்று அம்மா குசுகுசுவென்று சிரிப்பாள்.

நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றும் அம்மா சிரித்தாள். "வீட்ல வச்சுப் பாருங்கன்னு அவர் சொல்றப்ப, வீடுன்னு ஒண்ணு இருந்துச்சு பாத்தியா."

வெளிச்சம் ஜன்னல் கம்பியைத் தொட்டது. வாலு தூக்கத்தில் புரண்டாள்.

"பாப்பா."

"சொல்லும்மா."

"பாலைப் பொங்க விட்டுடாதே. அந்த மூடி ஆடுது. சத்தம் வரும்."

"சரிம்மா."

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் தோள் தூக்கிக்கொண்டது. மகள் டவலைக் கொண்டுபோனாள். இருமல் வரவில்லை. பிடித்தபடியே காத்திருந்தாள். வரவேயில்லை.

மகளின் வாய் திறந்தது. அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி மேலே வந்தது. அது தொண்டையைத் தாண்டுவதற்குள், பழகிப்போன கை, அந்த டவலையே அவள் வாயில் வைத்து அழுத்திவிட்டது.

*

டவல் விஷயம் வரைக்கும் எல்லாவற்றையும் மகள் போனில் குசுகுசுவென்று சொல்லியிருந்தாள். ஆபீஸ் அக்கா வந்தபோது அவள் அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். வாலு சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கீழ சொல்லிட்டியா?"

"இல்லக்கா. காலங்காத்தால எப்படிப் போய்க் கதவைத் தட்டறது?"

"நான் சொல்லிக்கறேன். வண்டிக்குச் சொல்லிட்டேன். நீ கொஞ்சம் அழு பாப்பா. அடக்காதே."

மகள் சீப்பில் சுற்றியிருந்த நரைமுடியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். "டீ போடட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

வண்டியோடு வந்தவர்கள் இரண்டு பேர், கனத்த ஷூ போட்டவர்கள். தடதடவென்று ஏறினார்கள். மகள் ஓடிப்போய்ப் பாதி வழியில் மறித்து நின்றாள்.

"அண்ணே, ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்களேன்."

"கழட்டினா வழுக்கும்மா. வெயிட்டோட இறங்கணும்ல?"

"அப்ப மெதுவா, அண்ணே. மெதுவா."

ஸ்ட்ரெச்சர் படிக்கட்டு வளைவில் திரும்பவில்லை. குறுகலான படி. இப்படிச் சாய்த்துப் பார்த்தார்கள், அப்படித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் அம்மாவைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டி, ஸ்ட்ரெச்சரை நட்டமாக நிறுத்தி இறக்கினார்கள். பஸ் நிலையத்தில் இருந்த மாதிரியே நிமிர்ந்துதான் அம்மா இறங்கினாள். கடைசி வளைவில் ஒருவனின் கை நழுவியது. இரும்புக் கைப்பிடியில் இரும்புக் கால் இடித்தது. 'டணார்' என்று மாடியிலிருந்து கேட் வரைக்கும் ஓடியது அந்தச் சத்தம்.

எல்லாரும் அப்படியே நின்றார்கள். வீட்டுக்காரரின் கதவு திறந்தது.

"மன்னிச்சுக்கங்க சார்" என்றாள் மகள். "தெரியாமப் பட்டுடுச்சு."

பெற்ற தாயை அந்தரத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, அவள் சொன்னது இதுதான்.

பட்டைகளில் கட்டியிருந்த உருவத்தை வீட்டுக்காரர் பார்த்தார். இவளைப் பார்த்தார். வழிவிட்டு நகர்ந்தார்.

அம்மாவை வண்டியில் ஏற்றிவிட்டு, மாற்றுத் துணி எடுக்க மாடிக்கு வந்தவள் காதில் கேட் பக்கத்துப் பேச்சு விழுந்தது. சத்தமே இல்லாத வீட்டில் எந்தப் பேச்சுதான் விழாது?

"அந்தம்மாவுக்காகத்தான் வீட்டையே குடுத்தேன் மேடம். இனிமே யோசிக்கணும்."

"காரியம் முடியட்டும் சார். இப்ப போய் வீட்டைப் பத்திப் பேசணுமா?"

"எப்ப போச்சு உயிர்?"

"விடியறப்ப."

"விடியறப்பவா? நான் முழிச்சுட்டுத்தான படுத்திருந்தேன். ஒரு சத்தம் வரலையே. பெத்தவ செத்துக் கெடக்கா, வாய்விட்டு ஒரு அழுகை இல்ல. கல்லு நெஞ்சும்மா. இப்படிப்பட்டவங்கள மேல வச்சுக்க எனக்குப் பயமா இருக்கு."

அக்கா குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"சத்தம் கேட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவீங்கன்னு பயந்து, அந்தம்மா சாகறப்பக்கூட டவலை வாயில வச்சுட்டு இருமியிருக்காங்க சார். பொண்ணும் அதே டவலைத்தான் வாயில வச்சு அழுகையை அடக்கியிருக்கு."

மேலே மகள் ஒரு கையில் வாலுவின் கவுனோடு நின்றுகொண்டிருந்தாள். கேட் கிறீச்சிட்டது. யார் திறந்தது, யார் மூடியது, தெரியவில்லை.

*

தகன மேடைக்குப் பின்னால் ஒரு வெட்டவெளி இருந்தது. அக்கா அவளை அங்கே கூட்டிப்போனாள். "இங்க யாருமில்ல. எவ்வளவு சத்தமா வேணும்னாலும் அழு, பாப்பா."

மகள் வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. திரும்பவும் முயன்றாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கற்றதை ஒரே பொழுதில் மறக்க முடியுமா? "வரலக்கா" என்றாள், மருந்துக் கடையில் இல்லையென்று சொல்லிவிட்டார்கள் என்பதுபோல.

வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. அக்கா சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். "வீட்டைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லல. இருன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. நான் காலையில வந்து பேசறேன்."

"போகச் சொன்னா எங்கக்கா போறது?"

"காலையில வரேன்னேன்ல?" என்றாள் அக்கா.

வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்தார். என்னவோ சொல்ல வந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகளும் வாலுவும் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு மாடி ஏறினார்கள்.

அம்மாவின் படுக்கை சுருட்டிக் கிடந்தது. மகள் போர்வையை விரித்தாள். வாலு நுனிக்காலில் போய்த் தட்டுகளை எடுத்து வந்தாள், பழக்கத்தில் மூன்றையும். மேலே இருந்தது பாட்டியின் தட்டு, விளிம்பு நெளிந்தது. நடுவிலிருந்த துணி வழுக்கியது. தட்டு நழுவி, போர்வைக்கு அப்பால், வெறுந்தரையில் விழுந்தது.

'ணங்'கென்று அறை முழுக்க அதிர்ந்தது. வாலு மற்ற தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடினாள். அமுக்கிப் பிடிக்க மகளின் கை பாய்ந்தது. பாய்ந்த கை, தட்டுக்கு மேலே, தொடாமல் நின்றது.

தட்டு விளிம்பில் சுழன்றது. ஆடி ஆடி, வேகம் கூடிக் கூடி, கிணுகிணுவென்று அடித்துக்கொண்டு, தானாகவே படிந்து அடங்கியது.

இரண்டு பேரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழிருந்து கம்பு இடிக்கவில்லை.

மகள் விரித்த போர்வையை மடித்து ஓரமாக வைத்தாள். வாலுவின் கையிலிருந்த தட்டுகளை வாங்கினாள். ஒவ்வொன்றாக, வெறுந்தரையில் வைத்தாள்.