பசை காய்வதற்குள்

கட்டர் மெஷினின் சத்தம் திடீரென்று மாறியது. மரத்தைக் கடிக்கும் கர்ர் இல்லை அது. ஒரே ஒரு நறுக். அடுத்து சிவந்தியின் அலறல்.

ஃப்ளோரா பசை பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினாள். சிவந்தியின் வலது கையில் மூன்று விரல்களைக் காணோம். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் மரத்தூளெல்லாம் சிவப்பு. பிரஸ் ஓட்டும் பென்னி சுவிட்சை அணைத்தான். பலகை அடுக்கும் அங்கம்மா சிவந்தியை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள்.

துறைமுகத்தில் உடைத்த பெட்டிகளின் துண்டு மரம்தான் அந்தச் சடையங்குப்பத்து ஷெட்டுக்கு வரும். முனையில் சீப்புப் பல் மாதிரி வெட்டி, பசை தடவி, பல்லோடு பல் கோத்து பிரஸ்ஸில் இறுக்கினால் நீளப் பலகை. சாணுக்குக் குறைந்த துண்டு விறகுக்குப் போகும். முதலாளி நவநீதனுக்கு அதையும் விட மனசில்லை. குட்டைத் துண்டு கட்டரின் இரும்பு மூடிக்கு அடியில் நுழையாது என்றதும் மூடியையே கழற்ற வைத்தார்.

வந்ததும் அவர் மெஷினைத்தான் பார்த்தார்.

"கழுவி ஓட்டுங்க. அவ பிடிச்சிருந்த துண்டு எங்க? தேச்சா கறை போயிடும், அதையும் சேத்துடு."

"இன்னா சார், அவ கையி..." என்று இழுத்தாள் ஃப்ளோரா.

"எவ? விறகு பொறுக்க வந்தவ. போலீஸ் கேட்டா எல்லாரும் அதைத்தான் சொல்லணும்."

"வெறவு பொறுக்க வந்தவளயா சார் நேத்து லேட்டுன்னு வெயில்ல நிக்க வெச்சீங்கோ?" என்றான் பென்னி.

"நாக்கு நீண்டா நாளைக்கு வர வேணாம்."

வேலைக்காரி என்று ஒத்துக்கொண்டால்தான் சிவந்திக்கு வைத்தியமும் நஷ்டஈடும். இல்லாவிட்டால் அறுந்த கையோடு தெருதான். ஃப்ளோராவுக்கு அது தெரியும். வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தன் புருஷனும் நினைவுக்கு வந்தான். குனிந்து பிரஷ்ஷை எடுத்தாள்.

வெயில் ஏறியபோது சிவந்தியின் தங்கை மகிழினி வந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஆள் விட்டு அவளை வரச்சொன்னவர் முதலாளிதான். அவள் சுடிதாரில் அக்காவின் ரத்தம் காய்ந்திருந்தது.

"அக்கா இடத்துல நில்லும்மா. குடும்பம் பொழைக்கணும்ல? போலீஸ்ல மட்டும் விறகு பொறுக்கப் போச்சுன்னு சொல்லிடு."

மகிழினி மூடியில்லாத கட்டரையே பார்த்தாள்.

ஃப்ளோரா பசை தடவிய துண்டுகளை அப்படியே விட்டுவிட்டுப் போய், அந்தப் பெண்ணுக்கும் கட்டருக்கும் நடுவில் நின்றாள்.

"மூடிய மாட்டு சார். சிவந்தி இங்க வேல செஞ்சவன்னு ஒத்துக்கோ. அதுவரிக்கும் ஒருத்தரும் கை வெக்க மாட்டோம்."

பென்னி பிரஸ்ஸிலிருந்து கையை எடுத்தான். பலகை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து ஃப்ளோராவின் தோளை ஒட்டி நின்றார்கள்.

"பசை காயுதுடி! பிரஸ்ல போடுங்க! அத்தனை மரமும் வீணாப்போகும்!"

"காயட்டும்" என்றாள் ஃப்ளோரா.

அவர் மகிழினியிடம் திரும்பினார். "இதுங்க கூடச் சேந்து கெட்டுப் போகாதே. வண்டி தரேன், டேசனுக்குப் போய்ச் சொல்லிட்டு வா."

"அங்கேருந்துதான் சார் வரேன். அக்கா உங்க மெஷின்லதான் வேல செஞ்சிச்சுன்னு சொல்ட்டுதான் வரேன்."